கொல்லையில் ஒரு கொட்டகை... உங்களுக்கே உங்களுக்காக!

“டாக்டர், நீங்க கொடுத்த சூரணத்தை ஒரு வேளைகூட விடலை. தைலமும் தேய்ச்சுக் குளிக்கிறேன். ஆனாலும் வாரத்துல ரெண்டு நாள் பாதித்தலை தெறிச்சுப்போகுது!”

என் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வயது 46. ரத்த அழுத்தம் பார்த்தாயிற்று. கண் டாக்டரிடம் அனுப்பிக் கண்ணாடியும் மாற்றியாயிற்று. ஸ்கேன் எடுத்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றும் தெரிந்துவிட்டது. ஒற்றைத் தலைவலிதான். ஆனால் மருந்துக்கு ஏன் அடங்கமாட்டேன் என்கிறது? நாடியைப் பிடித்துக்கொண்டே சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

“வீட்டு வேலை போக வேற என்னம்மா செய்வீங்க?”

“தஞ்சாவூர் படம் போடுவேன் டாக்டர்...” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “போட்டுக்கிட்டிருந்தேன்” என்றார்.

விசாரித்தேன். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் கலந்த மக்கு பூசி, அது காயும்வரை பலகையை அசைக்கக்கூடாதாம். இவர் வீட்டில் பலகை போட இருந்த ஒரே இடம் சாப்பாட்டு மேஜை. மத்தியானம் 2 மணிக்கு விரித்தால் 4 மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடும். உடனே எல்லாவற்றையும் மூட்டை கட்டவேண்டும். ஒருநாள் ஈரம் காயாத கிருஷ்ணர் முகத்தில் யாரோ சாம்பார் கிண்ணத்தை வைத்துவிட்டார்கள். அன்றைக்குப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் ஏற்றிய பலகைதான். ஆறு வருஷமாக இறங்கவில்லை!

“அழுதீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க டாக்டர் அழறது? பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டாத்தான் உண்டு.”

சித்த மருத்துவத்தில் அடக்கக்கூடாத வேகங்கள் என்று 14 சொல்லுவோம். தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், சிறுநீர் என்று போகிற அந்தப் பட்டியலில் கண்ணீரும் ஒன்று. பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த நாளில் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேனே தவிர, ஒரு வீட்டில் அழுவதற்குக்கூட இடம் வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மருந்துச் சீட்டை எடுத்தேன். சூரணத்துக்குக் கீழே, ‘கொல்லையில் 10-க்கு 8 அடியில் ஒரு கொட்டகை’ என்று எழுதினேன். கூட வந்திருந்த கணவர் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்ன டாக்டர் சார், கொத்தனாரையும் நீங்களே அனுப்புவீங்களா?”

அனுப்பினேன்! ஏனென்றால், அதற்கு முன்னால் நானே ஒரு கொட்டகை கட்டிக் கெடுத்தவன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தப்பு

எங்கள் குடும்பத்தில் தலைமுறையாக வந்த வைத்திய ஓலைக்கட்டு ஒன்று இருக்கிறது. மொத்தம் 180 ஏடுகள். அதை நிதானமாகப் படித்து நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் டி.வி. சத்தம், வருகிறவர் போகிறவர் தொல்லை. எனவே 2011-ல் மன்னார்குடி வீட்டுக் கொல்லையில், இரும்புக் குழாய் நட்டு, தகரம் போட்டு, மூன்றே நாளில் ஒரு கொட்டகை எழுப்பினேன். மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும் இடம். பக்கத்திலேயே செப்டிக் டாங்க். யோசனையே இல்லாமல் செய்த காரியம்!

அடுத்த சித்திரையில் உள்ளே பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை. வெளியே நிழலில் 37 டிகிரி இருந்த ஒரு மத்தியானம், உள்ளே வெப்பமானி 41 காட்டியது. சரி, வெயில் தணியட்டும் என்று ஓலைக்கட்டை அங்கேயே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். ஓலைக்கு ஈரமும் ஆகாது, அளவுக்கு மீறிய உலர்சூடும் ஆகாது. இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால், 38 ஏடுகள் அப்பளம் மாதிரி விரிசல் விட்டிருந்தன. நூறு வருஷத்துக்கு மேல் தாங்கிய ஓலை, என் தகரத்தின் கீழ் ஒரு கோடையைத் தாங்கவில்லை. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

பிறகு என்ன? உடைந்த சைக்கிள், பழைய பேப்பர், தென்னமட்டை எல்லாம் குடியேறின. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது தகரம் நாலும் பிய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொல்லையில் போய் விழுந்தன. யாருக்கும் காயமில்லை என்பது கடவுள் புண்ணியம்.

அடுத்த வருஷம் ஒரு பழைய கொத்தனாரைப் பிடித்து, அவர் சொன்னபடி கேட்டுக் கட்டினேன். அந்தக் கொட்டகையைத்தான் அந்த அம்மாவின் கணவரை அழைத்துப்போய்க் காட்டினேன். இனி சொல்லப்போவதெல்லாம் அந்தக் கொத்தனாரிடமும், என் முட்டாள்தனத்திடமும் கற்றுக்கொண்டதுதான்.

முதலில் இடம் பாருங்கள்

கொத்தனார் வந்ததும் டேப்பை எடுக்கவில்லை. கொல்லையில் ஒரு நாற்காலியைப் போட்டு, “ஐயா, காலைல ஒருதரம், மத்தியானம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் உட்கார்ந்து பாருங்க. ஒரு வாரம் கழிச்சு வர்றேன்” என்று போய்விட்டார். எவ்வளவு பெரிய யோசனை! வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, பக்கத்து வீட்டுப் புகை எப்போது வருகிறது என்று எல்லாம் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? குக்கர் விசில் கேட்கக்கூடாது, ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்க வேண்டும். முப்பது, நாற்பது அடி சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால், முக்கியமாகப் பெண்கள், பாத்ரூம் போக அலுத்துக்கொண்டு சிறுநீரை அடக்குவார்கள். அதுவும் அந்தப் பதினான்கில் ஒன்று. நீர்க்கடுப்பில் கொண்டுபோய் விடும்.

தென்னையின் கீழ் வேண்டவே வேண்டாம். காயோ மட்டையோ விழுந்தால் ஓடும் உடையும், மண்டையும் உடையும். முருங்கைக்குப் பக்கத்திலும் வேண்டாம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஊர்ந்து உடம்பெல்லாம் தடித்துப்போகும். மேற்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரு வேம்போ புங்கோ இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். செப்டிக் டாங்க் மேலே கட்டினால் நாற்றம் ஒருபுறம், அதைச் சுத்தம் செய்ய மூடியைத் திறக்க வழியில்லாமல் போவது இன்னொருபுறம்.

“எங்க வீட்டுல பழைய மாட்டுக் கொட்டகை சும்மாத்தானே கிடக்கு?” என்று கேட்பீர்கள். டெல்டாப் பக்கத்தில் பல வீடுகளில் அப்படித்தான். பயன்படுத்தலாம், ஆனால் இரண்டு விஷயம். பல வருஷம் கோமியம் ஊறிய சுவரில் உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும். மேலே சுண்ணாம்பு அடித்தால் நிற்காது. பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, தரையை ஓரடிக்கு வெட்டி வெளியே கொட்டிவிட்டுப் புது மணல் நிரப்ப வேண்டும். இரண்டாவது, சாணம் ஊறிய மண்ணில் தனுர்வாதக் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆணி காலில் குத்திவிட்டால் ஆபத்து. கடந்த 10 வருஷத்துக்குள் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு வேலையில் இறங்குங்கள். சித்த வைத்தியன் ஊசி போடச் சொல்கிறானே என்று ஆச்சரியப்படாதீர்கள். உயிர் விஷயத்தில் எனக்கு அந்தக் கௌரவமெல்லாம் கிடையாது!

இன்னொன்று. கொட்டகைதானே என்று அலட்சியமாக இருக்கவேண்டாம். உங்கள் நகராட்சியிலோ ஊராட்சியிலோ அனுமதி வேண்டுமா, எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விடவேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் கூரைத் தண்ணீர் அவர் கொல்லையில் விழுந்தால் மனநிம்மதிக்காகக் கட்டியது மனஸ்தாபத்தில் முடியும்.

திசை, தரை, கூரை

வாஸ்து பேச வரவில்லை நான். சூரியனைப் பற்றிப் பேசுகிறேன். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காகப் போகட்டும். அப்படியானால் நீளமான இரண்டு பக்கமும் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். ஜன்னல்களை அங்கே வையுங்கள். மேற்குச் சுவரை மூடிவிடுங்கள். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க மாறாமல், கண்ணைக் கூசாமல் இருக்கும். படம் வரைகிறவர், தைக்கிறவர், எழுதுகிறவர் யாராக இருந்தாலும் மேஜை அங்கேதான்.

எங்கள் வைத்திய நூல்கள் ஐவகை நிலத்தில் மருத நிலத்தை உடம்புக்கு உகந்தது என்று மெச்சிக்கொள்ளும். அதை எழுதியவர்கள் ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கொல்லையைப் பார்த்திருக்க மாட்டார்களோ என்னவோ! வண்டல் களிமண், மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் நேராகத் தளம் போட்டால் இரண்டே வருஷத்தில் கீறல் விழும். களிமண்ணை வெட்டி எடுத்து, மணல் கொட்டி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து, அதன் மேல்தான் அஸ்திவாரம். பேஸ்மென்ட் ஒன்றரை அடியாவது உயர வேண்டும். போன மழையில் கொல்லையில் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலே தரை இருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். தளத்துக்கு அடியில் கெட்டி பாலிதீன் விரிப்பு ஒன்று போட்டுவிட்டால் ஈரம் மேலே ஏறாது. மேலே ரெட் ஆக்சைடு பூசுங்கள், காலுக்குக் குளுமை, துடைக்கச் சுலபம். ஈரத்தரையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து மூட்டுவலி கூடிப்போய் வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது கூரை. இதில்தான் உங்கள் கொட்டகையின் தலையெழுத்தே இருக்கிறது.

தகரத்தின் கதையைச் சொல்லிவிட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே என்றால், தயவுசெய்து வேண்டாம். அதைத் துளைக்கும்போதும் வெட்டும்போதும், உடையும்போதும், கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். மூச்சோடு உள்ளே போனால் வெளியே வராது. பல வருஷம் கழித்து நுரையீரல் நோயாகவும் புற்றுநோயாகவும் தலைதூக்கும். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதில் புதிதாக ஆணி அடிக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள்.

தென்னங்கீற்று மாதிரி குளுமை எதற்கும் வராது. ஆனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், தீப்பொறிக்குப் பயப்படவேண்டும், எலியும் குடிவரும். நான் தேர்ந்தெடுத்தது மங்களூர் ஓடு. கைமரத்துக்கும் ரீப்பருக்கும் பழைய வீடு இடிக்கிற இடத்தில் நல்ல வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து வாங்கினேன். மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் கரையான் சீக்கிரம் கிட்டே வராது. அதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும்.

கணக்கு வேண்டுமா? உள்ளே 10 அடி நீளம், 8 அடி அகலம். சுவர் உயரம் 7 அடி. இரண்டடிக்கு ஓரடி வீதம் கூரை ஏறினால் முகடு 9 அடிக்கு வரும். நாலு பக்கமும் இரண்டடி இறவாரம் விட்டால் கூரைப் பரப்பு ஏறக்குறைய 190 சதுர அடி. அதற்கு 270 ஓடு, உடைசலுக்கு இருபது சேர்த்து 290 வாங்குங்கள். முகட்டு ஓடு தனி. இறவாரத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஐப்பசிச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது அந்த இரண்டடிதான் உங்கள் காகிதத்தைக் காப்பாற்றும். ஓரத்து ஓடுகளையும் முகட்டையும் கம்பியால் ரீப்பரோடு கட்டச் சொல்லுங்கள். கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓட்டுக்குக் கீழே கோரைப்பாயை விரித்துக் கட்டினால் வெக்கை இன்னும் குறையும். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் வருகிற முக்கோணச் சுவரில் வலை அடித்த துவாரம் வையுங்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடும்.

நாலரை அங்குலச் சுவரானால் ஒரு சதுர அடிக்கு 5 செங்கல். வடக்கிலும் தெற்கிலும் 3 அடிக்கு மேலே ஜன்னல் என்றால், மூலைத் தூண்களையும் சேர்த்துச் சுவருக்கு ஆயிரம் செங்கல் கிட்டத்தட்டப் போதும், அஸ்திவாரத்துக்குத் தனி. ஒன்பது அங்குலச் சுவர்தான் வேண்டும் என்பவர்கள், லாரி பேக்கர் பரப்பிய முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் பிறந்து, கேரளாவில் குடியேறி, 2007-ல் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் ஓரத்தில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. எலிப்பொறிக் கட்டு என்பார்கள். கால்வாசிச் செங்கல் மிச்சம். உள்ளே இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும்.

கரண்ட் இழுக்கும்போது மரத்தில் ஒயரைச் சுற்றித் தொங்கவிடாதீர்கள். குழாய்க்குள் விட்டு, எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டச் சொல்லுங்கள். ஈரக் கொல்லையில் அது உயிர்காக்கும் சுவிட்ச்.

கொசு? டெங்குவைப் பரப்புகிற கொசு பகலில்தான் கடிக்கும். நீங்கள் கொட்டகையில் இருக்கப்போவதும் பகலில்தான். ஜன்னலுக்கு வலை, தண்ணீர் தேங்காத வாரி, கவிழ்த்துவைத்த பூந்தொட்டி... இவை முதலில். நொச்சி இலைப் புகை போடலாம், ஆனால் ஆஸ்துமாக்காரர் இருந்தால் வேண்டாம். சுற்றிலும் ஆறடிக்குப் புதர் இல்லாமல் வெட்டிவிடுங்கள். உண்ணிக்காய்ச்சல் பரப்பும் பூச்சி புதரில்தான் இருக்கும். பழைய சாக்கு, விறகு அடுக்கினால் எலி வரும்; எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். பாம்பும் எலியைத் தேடித்தான் வருகிறது, உங்களைத் தேடி அல்ல.

கட்டுவதைவிடக் கஷ்டம்

அந்த அம்மாவின் வீட்டில் எல்லாம் தயார். தை மாதம் கொத்தனார் வந்து கயிறு பிடித்தார். அப்போதுதான் மாமியார் கொல்லைப்படியில் வந்து நின்றார். வயது 78. மறுநாளே எனக்கு ஆள் வந்துவிட்டது.

“ஏன் தம்பி, எங்க காலத்துல மாசம் மூணு நாள் எங்களைக் கொல்லையில ஒதுக்கி உட்காரவச்சாங்க. மழை பெய்ஞ்சாலும் அங்கதான், பாம்பு வந்தாலும் அங்கதான். எப்படா உள்ள கூப்பிடுவாங்கன்னு கிடந்தோம். இவ என்னடான்னா தானா போய் உட்காருறேங்கிறா. ஊரு என்ன சொல்லும்? மருமகளைத் துரத்திட்டேன்னுல்ல சொல்லும்?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவர் கோபத்துக்குப் பின்னால் எத்தனை மழைக்கால ராத்திரிகள் இருந்திருக்கும்! “அம்மா, அது மத்தவங்க பூட்டின கதவு. இதுக்குச் சாவி உங்க மருமக கையில இருக்கும்” என்றேன். அவர் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை.

வேலை நடந்த ஒரு மாதமும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. “ஒரு பக்கம் வாஷிங் மெஷின் வைக்கலாமே?” “என் பைக்கை நிறுத்திக்கலாமே?” “நெல்லு மூட்டை ரெண்டு...” இங்கேதான் கவனம் தேவை. ஒரே ஒரு மூட்டை உள்ளே போனால் போதும், அடுத்த பொங்கலுக்குள் அது ஸ்டோர் ரூம். கட்டில் போட்டாலும் கெட்டது. மத்தியானம் காலை நீட்டச் சொல்லும். பகல் தூக்கம் கூடாது என்று தேரையர் சொல்லி வைத்திருக்கிறார். வேலையும் நடக்காது, ராத்திரித் தூக்கமும் போகும். செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். அவசரமென்றால்தான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறீர்களே!

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா இங்கிலாந்தில் தன் வீட்டுத் தோட்டத்துக் கோடியில் ஒரு சின்ன மரக் குடிசை போட்டிருந்தார். வெயிலுக்குத் தகுந்தபடி அதைத் திருப்பிவைக்கலாம். அதற்கு அவர் வைத்த பேர், ‘லண்டன்’. யாராவது பார்க்க வந்தால், “அவர் லண்டன் போயிருக்கார்” என்று வீட்டில் பொய் சொல்லாமல் சொல்லிவிடலாம்! நம் வீட்டில் அப்படி ஒரு பேர் வைத்தால் தப்பில்லை.

உள்ளே நேரம் போவது தெரியாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, கொல்லையில் நாலு எட்டு நடந்து, தூரத்தில் இருக்கிற மரத்தைப் பாருங்கள். கழுத்துக்கும் கண்ணுக்கும் நல்லது. ஒரு செம்பு தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். டர்பன்டைன், வார்னிஷ் உபயோகிக்கிறவர்கள் ஜன்னலைச் சாத்தக்கூடாது. சுண்ணப் பொடி கலக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் படத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டும்போது மட்டும் ஃபேனை நிறுத்தவேண்டுமாம், இல்லாவிட்டால் தங்கம் பறந்துவிடும் என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

யாருக்குக் கொட்டகை வேண்டாம் என்பதையும் ஒரு வைத்தியனாகச் சொல்லவேண்டும். இரண்டு வாரமாக யாரோடும் பேச்சில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை, பிடித்த வேலையும் கசக்கிறது என்று ஒதுங்குகிறவருக்குத் தனியிடம் கொடுக்காதீர்கள், டாக்டரிடம் அழைத்துப்போங்கள். குடிப்பழக்கம் உள்ளவருக்குக் கொல்லைக் கொட்டகை கட்டிக்கொடுத்தால் அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வயதானவர் உபயோகிப்பதானால் உள்தாழ்ப்பாள் வேண்டாம், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். பால்கனியில் ஒரு மூலை, யாரும் தொடாத ஒரு மேஜை, அதுவும் கொட்டகைதான்.

அந்த அம்மாவின் தலைவலி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ‘போயே போச்சு’ என்று சொன்னால் அது பொய். மாதம் எட்டு தடவை வந்தது, இப்போது இரண்டு, மூன்று தடவை. மருந்தும் நடக்கிறது. பரணில் இருந்த கிருஷ்ணரை இறக்கி, சாம்பார் பட்ட இடத்தைச் சுரண்டி, மறுபடி மக்கு பூசி முடித்துவிட்டார். தினமும் மத்தியானம் 2-லிருந்து 4 வரை அவர் ‘லண்டனில்’ இருக்கிறார்.

போன மாதம் எட்டிப்பார்க்கப் போயிருந்தேன். வாசலில் ஒரு மணை போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார். மடியில் மல்லிகை, கையில் நார். உள்ளே போகவில்லை, கதவையும் தட்டவில்லை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்து, “சத்தம் போடாதீங்க தம்பி, அவ கண்ணு திறக்கிறா” என்றார். படத்துக்குக் கடைசியாகக் கண் எழுதுவதைச் சொல்கிறார்! நானும் பத்து நிமிஷம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பேசினேன்.

என் ஓலைக்கட்டில் நல்ல ஏடுகள் 142-ல் 110 படித்து எழுதியாகிவிட்டது. விரிசல் விட்டவற்றில் ஒன்பதை மட்டும் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்துப் படிக்க முடிந்தது. அதில் ஒன்று சுரத்துக்கான கஷாயம். கடைச்சரக்குப் பட்டியலில் நடுவில் இரண்டு வரி உதிர்ந்துவிட்டது, என்ன சரக்கு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி பிறக்கும் முன் ஓட்டை ஒருமுறை மாற்றி அடுக்கவேண்டும். ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது.